சாட்சி சொன்ன உடம்பு

மாவு எழும்புவதற்கு விடுகிற நேரம்தான் ரொட்டிக்காரருக்கு நடக்கிற நேரம். விடியுமுன் பேக்கரிக்குப் போய், மாவும் ஈஸ்டும் உப்பும் தண்ணீரும் சேர்த்து, மேஜையில் அடித்து அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவிட்டால் பிறகு மாவு பார்த்துக்கொள்ளும். முன்பெல்லாம் அந்த இடைவெளியில் மூட்டையில் சாய்ந்துகொண்டு, முதல்நாள் மிஞ்சிய பன்னில் வெண்ணெய் தடவி, ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று உள்ளே தள்ளுவார். அவருக்குப் 'பன் அண்ணன்' என்று பெயர் வந்ததற்குத் தொழில் மட்டும் காரணமில்லை. முதுகுப் பக்கமிருந்து பார்த்தாலும் ஆள் அப்படித்தான் இருந்தார்.

சர்க்கரை வந்தபோது அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அலட்டிக்கொண்டவள் அவருடைய மனைவி. வீட்டின் முன்னறையில் மேஜை போட்டு ஊர்த்துணிக்கு இஸ்திரி போடுகிறவள். ரொட்டிக்காரருடைய அண்ணனுக்கும் இதே நோய்தான். கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண்ணாக ஆரம்பித்தது, பாதம், முழங்கால் என்று ஏறி, காலை எடுத்தும் நிற்காமல் ஆளையே கொண்டுபோனது. அந்தக் காலுக்குக் கட்டு மாற்றியவள் இவள்தான். புண்ணின் வாடை அவள் மூக்கைவிட்டு இன்னும் போகவில்லை.

அதனால் சர்ச்சில் நடைக்குழு ஆரம்பிக்கிறார்கள் என்றதும், புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

குழுவை ஆரம்பித்தவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடம் அவரை அனுப்பிவிட்டது, விசில் மட்டும் கழுத்தைவிட்டுப் போகவில்லை. எல்லோருக்கும் அவர் விசில் மாஸ்டர். உடம்பு கடவுள் குடியிருக்கிற ஆலயம், அதைப் பெருக்கித் துடைத்து வைப்பது நம் கடமை என்பது அவர் கட்சி. விடியற்காலையில் சர்ச் வாசலில் எல்லோரையும் நிறுத்தி, ஒரு ஜெபம், ஒரு விசில், பிறகு நடை.

"கைய வீசுங்க! துதி சொல்லும்போது மூச்சு வாங்குதா? அப்ப இன்னும் கொஞ்சம் நடக்கணும்னு அர்த்தம்!"

"மாஸ்டர், முழங்கால் வலிக்குது."

"முழங்கால் போட்டு ஜெபிக்கணும்னா முதல்ல முழங்கால் வேணுமில்ல? நடங்க!"

சர்க்கரை விஷம், பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது, எண்ணெய்ப் பண்டம் சாத்தானுடைய தின்பண்டம் என்று அவரிடம் சட்டங்கள் நிறைய இருந்தன. ரொட்டிக்காரர் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. சட்டம் ஒன்றையும் மீறவில்லை. மாவை மூடிவிட்டு வீட்டுக்கு வருவார். மனைவி கீரையும் வெள்ளரியும் அரைத்து எலுமிச்சை பிழிந்து ஒரு தம்ளர் பச்சைச் சாறு வைத்திருப்பாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு நடக்கப் போவார். நடந்து முடித்து அப்படியே பேக்கரி. காலைக்கும் மதியத்துக்கும் அவள் தூக்குச்சட்டியில் கட்டிக்கொடுக்கிற சாப்பாடுதான். சாயங்காலம் வந்தால் வெறும் தண்ணீர்.

தொப்பை கரைந்தது, கழுத்து தெரிந்தது, கன்னம் ஒட்டியது. தெரு சும்மா இருக்குமா? பன் அண்ணன் 'ரஸ்க் அண்ணன்' ஆனார். அவருக்கு அதில் ஒரு பெருமை. கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

"போதும், தேஞ்சுடப் போகுது கண்ணாடி" என்பாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மதியச் சாப்பாடு. சாப்பிடுமுன் அவர் ஜெபிப்பார். விளைவித்தவன், அரைத்தவன், சுமந்தவன், அடுப்புக்கு விறகு வெட்டியவன் என்று ஒருவரையும் விடமாட்டார். அவள் ஒரு கண்ணைத் திறந்து பாத்திரத்தைப் பார்ப்பாள்.

"ஆறிடும். ஆமென் சொல்லுங்க, சாப்பிடலாம்."

"கர்த்தர்கிட்ட பேசும்போது நடுவுல பேசாத."

"அவரே பசியா இருப்பார், விடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்போடுதான் ஆமென் வரும்.

அந்த வருஷம் ரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை சரியாக இருந்தது. மாத்திரையும் நடையும் பத்தியமும் சேர்ந்து செய்த வேலை. டாக்டர் இப்படியே போகட்டும் என்றார். ஆனால் ரொட்டிக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்ல முன்னால் போய் நின்றார். அவர் கூட்டத்துக்கு முன் பேசி யாரும் கேட்டதில்லை.

"எங்க அண்ணன் போன வழியிலதான் நானும் போயிட்டிருந்தேன். கர்த்தர் என் கையப் பிடிச்சுத் திருப்பிக் கூட்டிட்டு வந்தார். எனக்கு இப்ப சர்க்கரை இல்ல. அவர் எனக்குப் பூரணமா சுகம் கொடுத்துட்டார்னு நான் நம்புறேன். இனி இந்த வாயால மாத்திரையத் தொடமாட்டேன்."

சபை கைதட்டியது. விசில் மாஸ்டர் அழுதார். மனைவி மட்டும் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தபடி, புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

சில வாரங்களில் தாகம் திரும்ப வந்தது. அடுப்படியில் நிற்கிறவருக்குத் தாகம் எடுப்பது சகஜம் என்று அவர் சொன்னார். ஒருநாள் அவர் ஷூவைக் கழற்றும்போது அவள் பார்த்தாள். கட்டைவிரல் ஓரத்தில் ஒரு புண், ஷூ கடித்தது. சின்னதுதான். அண்ணனுக்கும் சின்னதாகத்தான் இருந்தது.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"மாத்திரை போடுங்க."

"சும்மா இரு. காஞ்சிடும்."

"காஞ்சிடும்னுதான் உங்க அண்ணனும் சொன்னார். நான்தான் கட்டு மாத்தினேன், நீங்க வாசல்ல நின்னீங்க. உங்களுக்கு அந்த வாடை தெரியாது."

"சபைக்கு முன்னாடி நின்னு சொல்லியிருக்கேன். இப்ப போய் ஒளிச்சு வச்சு மாத்திரை முழுங்கினா என்ன அர்த்தம்? அவர் கொடுத்த சுகம் பொய்னு நானே சொல்ற மாதிரி ஆகாதா?"

"ஒளிச்சு எதுக்கு? திரும்ப எந்திரிச்சுச் சொல்லுங்க. மறுபடி வந்துடுச்சுன்னு சொல்லுங்க. நோய் வர்றது என்ன திருட்டா?"

"என்னால முடியாது." குரல் தாழ்ந்துவிட்டது. "என்னைப் பார்த்து எத்தனை பேர் நடக்க வந்திருக்காங்க தெரியுமா? நான் மாவு பிசையறவன். என் வாழ்க்கையில நான் எந்திரிச்சு நின்னு சொன்னது அந்த ஒண்ணுதான்."

அவளுக்கு அவர்மேல் கோபமாக வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே பாவமாகவும் இருந்தது. துவைத்து இஸ்திரி போட்ட அங்கியைக் கொடுக்கப் போன சாக்கில் போதகரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். போதகர் நல்ல மனிதர். அன்றைக்கே வந்து முன்னறையில் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்.

"மாத்திரை செய்ற புத்தியும் கர்த்தர் கொடுத்ததுதானே ஐயா? போட்டுக்கிட்டா விசுவாசம் குறைஞ்சுடாது."

"மத்தவங்களுக்கு அது சரி ஐயா" என்றார் ரொட்டிக்காரர், மரியாதையாக, ஆனால் அசையாமல். "நான் சாட்சி சொல்லிட்டேன்."

போதகர் போகும்போது அவளைப் பார்க்காமல் செருப்பை மாட்டினார். அவள் அன்றே மருந்துக்கடைக்குப் போய்ப் பழைய சீட்டைக் காட்டினாள்.

மறுநாள் காலை மாத்திரையைக் கரண்டியின் பின்புறத்தால் பொடித்து, பச்சைச் சாற்றில் போட்டுக் கலக்கினாள். அவர் வழக்கம்போல் மூக்கைச் சுளித்தார்.

"இன்னைக்கு ரொம்பக் கசக்குது."

"கீரை முத்தல்" என்றாள்.

தாகம் அடங்கியது. புண் ஆறி, தோல் உரிந்து, புதுத் தோல் வந்தது. அவள் தினமும் அவர் தூங்கும்போது விரலைத் தொட்டுப் பார்ப்பாள். மருந்துக்கடைக்காரர் மட்டும், "ஆள் இளைச்சுட்டார்னு சொல்றீங்க, அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், டாக்டர்கிட்டக் காட்டுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எப்படிக் காட்டுவாள்? எதைச் சொல்லிக் கூட்டிப்போவாள்? வேளைக்குச் சாப்பிடுகிறார், பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

புண் ஆறியதற்கு ரொட்டிக்காரர் இரண்டாம் முறை எழுந்து நின்றார். "நடுவுல என் விசுவாசத்துக்கு ஒரு சோதனை வந்துச்சு. என் வீட்டுக்காரி பயந்தா. நான் பயப்படல" என்றார். முதல் முறையைவிட அதிகம் அழுதார். அவளும் அழுதாள். பக்கத்தில் இருந்தவள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அந்த வாரம் சர்ச்சில் திருவிருந்து, கர்த்தரை நினைத்து ரொட்டியைப் பிட்டுப் பங்கிடுகிற நாள். அதற்கான ரொட்டியை ரொட்டிக்காரர்தான் சுடுவார், காசு வாங்கமாட்டார். அன்றைக்கு மட்டும் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாவில் கை வைப்பார். தட்டு பெஞ்சு பெஞ்சாக வந்தது. உள்ளே ஒரு பொய்யை வைத்துக்கொண்டு எடுக்கக் கூடாத ரொட்டி அது; அவள் தொடாமல் அடுத்தவளிடம் நகர்த்தினாள். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கு அடுத்த மாதமும்.

"ஏன் எடுக்கல?" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

"என்கிட்டச் சொல்லேன்."

"ஒண்ணுமில்லைங்கறேன்ல. துணி கிடக்கு."

அவள் மனசில் ஏதோ பாரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. தன் உடம்புக்காக அவள் இவ்வளவு செய்தாள், அவள் ஆத்துமாவுக்காகத் தான் என்ன செய்தோம் என்று யோசித்தார். உபவாசம் இருப்பது என்று முடிவு செய்தார். அதையும் அரைகுறையாகச் செய்யவில்லை. உபவாசம் இருக்கிறவன் ஊருக்குக் காட்டிக்கொள்ளக் கூடாது, கடவுளுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று அவர் படித்திருந்தார். யாருக்காக இருக்கிறாரோ அவளுக்குத் தெரிந்தால் பதறுவாள், தடுப்பாள். ஆகையால் தூக்கை எப்போதும்போல் வாங்கிக்கொண்டார். பேக்கரியில் கூட வேலை செய்கிற மொட்டையிடம் கொடுத்தார். மொட்டைக்கு நாலைந்து பிள்ளைகள், எப்போதும் பசி.

"ஏண்ணே, உங்களுக்கு?"

"எனக்கு வேணாம். யார்கிட்டயும் சொல்லாத. காலித் தூக்கைக் கழுவி வை."

"என்னண்ணே, அண்ணியோட சண்டையா?"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா தின்னு."

மொட்டை தின்றான். அண்ணி கைப்பக்குவத்தைப் பற்றி அவனுக்குப் புகார் எதுவும் இல்லை.

காலைச் சாற்றை மட்டும் அவரால் தவிர்க்க முடியவில்லை. அவள் தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்பாள், கடைசிச் சொட்டு இறங்கும்வரை போகமாட்டாள். குடிக்காவிட்டால் உபவாசம் வெளிப்பட்டுவிடும். இது சாப்பாடா என்ன, பச்சிலைத் தண்ணீர்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு குடித்தார். அவள் காலித் தம்ளரைப் பார்த்து நிம்மதியாக உள்ளே போனாள். அவரும் நிம்மதியாகப் படியிறங்கினார்.

விழுந்த அன்று லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் குழு ஏறிக்கொண்டிருந்தது. ரொட்டிக்காரருக்கு அந்தத் தூறலிலும் சட்டை தொப்பலாக வேர்த்திருந்தது. கை நடுங்கியது. துதிப் பாட்டின் வரி குழறியது.

"பாருங்க, பாருங்க! இந்தக் குளிர்ல எப்படி வேர்க்குதுன்னு!" என்றார் விசில் மாஸ்டர். "இதான் உழைக்கிற உடம்பு!"

ரொட்டிக்காரர் ஓரமாக உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். மேட்டோரத்து டீக்கடைக்காரம்மா ஓடிவந்து இனிப்பாக ஒரு தம்ளர் டீயை அவர் வாயருகே கொண்டுபோனாள். மாஸ்டர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"சர்க்கரையெல்லாம் கொடுக்காதீங்கம்மா. அது அவருக்கு ஆகாது. தண்ணி கொடுங்க."

ஆஸ்பத்திரியில் மனைவி போய்ச் சேர்ந்தபோது குழு மொத்தமும் வராந்தாவில் ஷூக்களோடு நின்றது. போதகர் வந்திருந்தார். மாவுக் கையோடு மொட்டையும் வந்திருந்தான். டாக்டரம்மா வெளியே வந்தாள்.

"சர்க்கரை ரொம்பக் கீழ இறங்கியிருக்கு. ஏத்திக்கிட்டிருக்கோம், திரும்பத் திரும்ப இறங்குது. என்ன மாத்திரை சாப்பிடுறார்?"

"அவருக்குச் சர்க்கரையே கிடையாது டாக்டர்" என்றார் விசில் மாஸ்டர். "கர்த்தர் சுகம் கொடுத்துட்டார். மாத்திரையைத் தொட்டே ரொம்ப நாளாச்சு. சபைக்கே தெரியும்."

"தெளிவாச் சொல்லுங்க. மாத்திரை உள்ள இருந்தா ஒரு மாதிரி பார்க்கணும், இல்லேன்னா வேற மாதிரி. தப்பாச் சொன்னா ஆபத்து."

எல்லோரும் தலையசைத்தார்கள். இல்லை, மாத்திரை இல்லை. அவருடைய இரண்டு சாட்சியையும் கேட்டவர்கள். மனைவி அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இப்போது வாயைத் திறந்தால் அவர் எழுந்து நின்று சொன்னதெல்லாம் இந்த வராந்தாவிலேயே விழுந்து உடையும். திறக்காவிட்டால் ஆள் போய்விடுவார்.

"சாப்பிடுறார்" என்றாள். "அவருக்குத் தெரியாது. காலையில குடிக்கிற சாத்துல நான்தான் பொடிச்சுப் போடுறேன். இன்னைக்கும் போட்டேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"சாப்பாடு சரியாச் சாப்பிட்டாரா?"

"வேளை தவறாம சாப்பிட்டார். நான்தானே கட்டிக்கொடுத்தேன்."

"இல்ல அண்ணி." மொட்டை சுவரோரமாக நின்றபடி அழ ஆரம்பித்தான். "அண்ணன் சாப்பிடல. முந்தாநாளு, நேத்து, எல்லாம் நான்தான் தின்னேன். உபவாசம்னார். அண்ணி மனசுல ஏதோ பாரம் இருக்கு, அதுக்காகன்னார். சொல்லக் கூடாதுன்னார்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மனசில் இருந்த பாரம் அந்த மாத்திரைதான். வேறொன்றும் இல்லை.

மாத்திரை தெரிந்ததால் டாக்டரம்மாவுக்கு வழி தெரிந்தது. அவர் பிழைத்தார். இடது கையில் மட்டும் ஒரு சின்ன நடுக்கம் தங்கியது. யார் சொன்னார்கள் என்று தெரியாது, கண் விழித்துத் தெளிந்தபோதே அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"விரல்ல புண்ணு வந்ததுலேர்ந்து."

"அப்ப அது ஆறினது..."

அவள் போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போதகர் மறுநாள் வந்தார். மாத்திரையாலும் குணமாக்குகிறவர் கர்த்தர்தான் என்று மறுபடியும் சொன்னார்.

"தெரியும் ஐயா. நீங்க சொன்னா புத்திக்கு ஏறுது" என்றார் ரொட்டிக்காரர். "ஆனா நான் ரெண்டு தடவை எந்திரிச்சு நின்னு அழுதேனே. அவர் என் பக்கத்துல நிக்கறார்னு நினைச்சு அழுதேன். அந்த அழுகைய நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

போதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். விசில் மாஸ்டர் வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப்போனார். அன்று அவர் கழுத்தில் விசில் இல்லை.

வீட்டுக்கு வந்தபிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலையில் அவள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள், டாக்டரம்மா குறைத்துக்கொடுத்த அளவு. அவர் வாங்கிப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பார். பச்சைச் சாறு நின்றுபோயிற்று. வேலைக்குப் போனார். மாவு எழும்புகிற நேரத்தில் நடக்கவும் போகவில்லை, பன் தின்னவும் இல்லை. மூட்டையில் சாய்ந்து, மூடிய துணி மெல்ல உயர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருவிருந்து ரொட்டிக்கு வேறு கடையில் சொல்லிவிடுங்கள் என்று போதகருக்கு மொட்டையிடம் சொல்லியனுப்பினார். சர்ச் மணி அடித்தால் கதவைச் சாத்துவார், சத்தமாக அல்ல.

ரத்தத்தைச் சோதித்தார்கள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள் டாக்டரம்மா.

மனைவி மட்டும் இளைக்க ஆரம்பித்தாள். இடுப்பில் புடவை நிற்கவில்லை. இஸ்திரி போடும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். கேட்டால் வெயில் என்றாள். மழைக்காலம் அது.

ஒருநாள் ரொட்டிக்காரர் வழக்கத்துக்கு மாறாக மத்தியானமே வந்தார். கையில் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி, துணியில் சுற்றியது. நேராக அடுக்களைக்குப் போனார். கழுவும் தொட்டியில் அவளுடைய தட்டு ஈரமில்லாமல் கிடந்தது. பாத்திரத்தில் சாப்பாடு தொடாமல் இருந்தது. முன்னறைக்கு வந்து இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"என்கிட்டயா மறைக்கிற? நான் செஞ்ச வேலைதானே இது?"

அவள் மடித்த துணியை மறுபடி மடித்தாள். "நீங்க எனக்காக உபவாசம் இருந்தீங்கல்ல. நான் உங்களுக்காக இருக்கேன். நீங்க பழையபடி ஆகணும். வேற என்ன கேக்கப்போறேன் அவர்கிட்ட?"

"உக்காரு."

அவள் துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவர் தரையில் அவள் எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டார். ஆவி வந்தது. இடது கை நடுங்கியதால் கொஞ்சம் உதிர்ந்தது. பெரிய துண்டை அவள் கையில் வைத்தார்.

"எனக்குத் தெரியாம நீ செஞ்ச. உனக்குத் தெரியாம நான் செஞ்சேன். போதும்மா. நான் பார்க்கச் சாப்பிடு."

ரொட்டி கையைச் சுட்டது. அவள் பழக்கத்தில் தலையைக் குனிந்து கண்ணை மூடினாள். விளைவித்தவன், அரைத்தவன், சுமந்தவன் என்று அவர் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

"ஆறிடும்" என்றார் அவர். "சாப்பிடு."

அவள் கண்ணைத் திறந்து சாப்பிட்டாள்.